உருகி ஓடாத மெழுகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் எகிப்தின் ஃபாயும் முகங்களைப் பற்றி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களின் உடலோடு வைத்துக் கட்டிய மெழுகு ஓவிய முகங்களைப் பற்றி, ஒரு கட்டுரை வந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யாரோ ஒரு பெண், காதில் முத்துத் தோடு போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேச வாயெடுத்தவளைப் போல நம்மைப் பார்க்கிறாள். அந்தக் கண்களின் ஈரத்தை மங்கலான செய்தித்தாள் அச்சுகூட மறைக்கவில்லை. கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், சூடான மெழுகில் வரையும் இந்தக் கலைக்கும் நமக்கும் ஒட்டு உறவு இல்லை, இதற்கான சரக்குகள் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்கு வயது 63. அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது சுவாமிமலையில். என் அப்பா அங்கே ஒரு சிற்பப் பட்டறையில் மெழுகு வேலை பார்த்தவர். ஸ்தபதி அல்ல, தினக்கூலிக்கு மெழுகில் கை, கால், முகம், கிரீடம், ஆபரணம் என்று செய்துகொடுக்கும் ஆள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே வேலைதான். இப்போது மூன்று ஆண்டுகளாக நானும் மெழுகோடுதான் இருக்கிறேன், ஆனால் வேறு விதமாக. அதைத்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சரக்கு விஷயம். மேலை நாட்டார் என்காஸ்டிக் என்று சொல்லும் இந்த முறைக்கு வேண்டியவை மூன்றே. தேன்மெழுகு, ஒரு மரத்துப் பிசின், வண்ணப் பொடி. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு உள்ளே சுட்டுப் பதிப்பது என்று பொருள். பிசின் என்றால் அவர்கள் டாமர் என்பார்கள்; தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருக்கும் மரங்களிலிருந்து வடிவது. நம் குங்கிலியமும் அதே குடும்பத்து மரத்தின் பிசின்தான். தாலியைக் கொடுத்து நெல் வாங்கி வரச்சொன்னால் குங்கிலிய மூட்டையோடு கோயிலுக்குப் போய்விட்ட குங்கிலியக் கலய நாயனாரின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். கும்பகோணத்தில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் பொட்டலமாக மடித்துக் கொடுப்பார்கள். சாம்பிராணி வேறு, குங்கிலியம் வேறு. கேட்கும்போது அதைத் தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவாமிமலையில் சிலைக்கு மெழுகு கட்டுகிறவர்களின் கலவை என்ன தெரியுமா? தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய். எகிப்தில் ரோமானியர் காலத்து ஓவியன் எதைச் சட்டியில் காய்ச்சினானோ, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறைக் கலவையை என் அப்பா தினமும் காலையில் காய்ச்சினார். அவர்கள் அதைப் பலகையில் பூசினார்கள், இவர்கள் உருவமாகப் பிடித்தார்கள். இதை ஒட்டு உறவு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அப்பாவின் வேலையை அறியாத வாசகர்களுக்காக நான்கு வரி. ஒரு தென்னங்கீற்று ஓலையை மடித்து மடித்து அளவு குறிப்பார்கள், ஒடியோலை என்று பெயர். அந்த அளவுக்கு மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலை உமிக்கரியோடு அரைத்து நைஸாகப் பூசுவார்கள். பிறகு வயல் மண்ணும் மணலும் கலந்த கனத்த பூச்சு. அதைக் கம்பி போட்டுக் கட்டுவார்கள். காய்ந்ததும் வறட்டி அடுக்கிச் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி, விட்டு வைத்த துவாரத்தின் வழியே ஓடிவிடும். அது காலி செய்துவிட்டுப் போன இடத்தில்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஊற்ற வேண்டிய உலோகத்தின் எடையைக்கூட மெழுகை நிறுத்துத்தான் கணக்குப் போடுவார்கள்; மெழுகைப் போல எட்டு மடங்குக்கு மேல் வேண்டும். மண்ணை உடைத்து, ராவி, உளி போட்டுத் தீர்த்து எடுத்தால் சுவாமி.

அந்தச் சுவாமிக்குக் கண் திறப்பார்கள். கும்பாபிஷேகம் நடக்கும். கல்வெட்டில் உபயதாரர் பெயர் இருக்கும், அழைப்பிதழில் ஸ்தபதியார் பெயர் இருக்கும். அது முறைதான். ஆனால் அந்த விரல்களை முதலில் வளைத்தது ஒரு மனிதருடைய கட்டைவிரல். அவர் வளைத்தது உருகி ஓடிவிட்டது. நாற்பது வருடம் வேலை செய்த என் அப்பாவின் கையால் ஆன பொருள் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. மெழுகு மிச்சமானால் வீட்டுக்கு எடுத்து வர முடியாது. சுரண்டல் தூளைக்கூடப் பழைய செய்தித்தாளை விரித்துச் சேர்த்து, நிறுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "பாப்பா, அது சாமி சொத்து" என்பார். அதில் அவருக்கு எந்த மனக்குறையும் இருந்ததில்லை. மனக்குறை எனக்குத்தான் இருந்தது, அவர் போன பிறகு.

அப்பா போய்ப் பல வருடம் கழித்து, அம்மாவும் போன பின் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு பிஸ்கட் தகரம் கிடைத்தது. உள்ளே மரப்பிடி கழன்ற இரண்டு இரும்புப் பட்டைக் கரண்டிகள், ஒரு மூங்கில் சீவுளி, உங்கள் நாளிதழின் பழுப்பேறிய ஒரு தாளில் சுற்றிய கருத்த மெழுகு உருண்டைகள் ஐந்து. தனியாக இன்னொரு பொட்டலத்தில் மெழுகில் செய்த ஒரு கை. என் சுண்டுவிரல் நீளம்கூட இராது. இடது கை. உள்ளங்கை மேல்நோக்கி லேசாகக் கவிந்து, நாலு விரலும் முடிந்து, கட்டைவிரல் மட்டும் சரியாக ஒட்டாமல் பாதியில் நின்றிருந்தது. மணிக்கட்டின் பின்பக்கம் அழுத்திப் பிடித்த இடத்தில் ரேகை பதிந்திருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் வரிவரியாகத் தெரியும். அப்பாவின் ரேகை. சாமி சொத்து என்று சொன்ன மனிதர் இதை ஏன் வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை.

அந்த உருண்டைகளை என்ன செய்வது என்ற கேள்விதான் என்னை இந்த ஓவியத்துக்குள் இழுத்து வந்தது. பட்டறையில் உருகி வடியும் மெழுகைப் பிடித்து, புது மெழுகு சேர்த்து மறுபடியும் எடுப்பார்கள். ஆக அந்தக் கருப்பு உருண்டை எத்தனை முறை நடராஜராக நின்றதோ, எத்தனை முறை சிவகாமியாக இருந்து உருகியதோ. அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. பரணிலேயே திரும்ப வைக்கவும் மனம் வரவில்லை.

கல்லூரியில் படித்தபோது ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் ஒரு பாடமாக என்காஸ்டிக் வந்தது. ரோமானியரான பிளினி தன் நூலில் எழுதியிருக்கிறார் என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். 1888-ல் ஹவாரா என்ற இடத்தில் பெட்ரீ என்ற ஆங்கிலேயர் தோண்டி எடுத்த முகங்கள் என்று எழுதினேன். இறந்தவரின் முகத்தை மெல்லிய பலகையில் தீட்டி, உடலைச் சுற்றிய துணியில் முகம் இருக்கும் இடத்தில் வைத்துக் கட்டிவிடுவார்கள் என்றும் எழுதினேன். மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் பட்டறையில் அப்பா காய்ச்சும் சட்டிக்கும் அந்தப் பாடத்துக்கும் முடிச்சுப் போட எனக்கும் தோன்றவில்லை, சொல்லிக்கொடுத்தவருக்கும் தோன்றவில்லை. அறுபது வயதில் பிஸ்கட் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தோன்றியது.

செய்து பார்த்ததைச் சொல்கிறேன். யாராவது தொடங்க நினைத்தால் என் தவறுகள் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

அப்பாவின் கலவையை அப்படியே பலகையில் பூசினேன். அவர்கள் மெழுகுக்குச் சரிசமமாகக் குங்கிலியம் போடுவார்கள், உருவம் விறைப்பாக நிற்க வேண்டும் என்பதற்காக. பலகையில் அது நொறுங்குகிறது. கடலை எண்ணெய் காய்கிற எண்ணெய் அல்ல. மாதக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது, வீட்டுத் தூசி அத்தனையும் அதன்மேல் ஏறியது. எண்ணெயை விட்டுவிட்டேன். மெழுகு எட்டுப் பங்கு, குங்கிலியம் ஒரு பங்கு என்று வந்து நின்றேன். குங்கிலியம் போடாத வெறும் மெழுகில் செய்த ஒரு பலகை, எங்கள் ஊர் மே மாத வெயிலில் மாடி அறையில் குழைந்து, விரல் பட்டால் பதியும் அளவுக்கு ஆகிவிட்டது. அந்த ஒரு பங்கு எதற்கு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மெழுகுவர்த்தி மெழுகு உதவாது. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, இறுகியதும் பொரிந்து போகும். ஒரு கடையில் தேன்மெழுகு என்று சொல்லிக் கொடுத்ததிலும் பாதி அதுதான் இருந்தது. நல்ல தேன்மெழுகை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பிசைந்தால் வசத்துக்கு வரும். கலப்படம் தூளாக உதிரும். இந்தச் சோதனையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆறு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மெழுகைக் கையில் வைத்துச் சூடேற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

பலகை விறைப்பாக இருக்க வேண்டும். துணியில் போட்டால் துணி அசையும்போதே மெழுகு வெடிக்கும். கடையில் விற்கும் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சில் மெழுகு பிடிப்பதில்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தயார் செய்வதுபோல ப்ளைவுட்டில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசித் தேய்த்தேன். அது மெழுகை நன்றாக உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. நைலான் தூரிகை முதல் ஒரு மணி நேரத்திலேயே சுருண்டுவிட்டது. பன்றி முடித் தூரிகை நிற்கிறது.

வண்ணத் தட்டுக்கு மேலை நாட்டில் விலை உயர்ந்த சூட்டுப் பலகை விற்கிறார்கள். நான் எங்கள் வீட்டுக் குழிப்பணியாரச் சட்டியை எடுத்தேன். வார்ப்பிரும்பு, ஏழு குழி. நடுக்குழியில் வெறும் மெழுகு. சுற்றியுள்ள ஆறில் காவி, மஞ்சள் மண், விளக்குக் கரி, அல்ட்ராமரீன் நீலம், வெள்ளை, அப்பாவின் கருத்த மெழுகு. இனி அந்தச் சட்டியில் பணியாரம் சுடக்கூடாது என்பதால் அடுக்களையிலிருந்து நிரந்தரமாக வெளியே வந்துவிட்டது. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். சட்டி 90 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். மின்சார அடுப்புக்கு ரெகுலேட்டர் வைத்து, ஜன்னலில் புகை இழுக்கும் விசிறியும் பொருத்திக் கொடுத்தார். சூடு பார்க்க, தொழிற்கூடங்களில் வைத்திருக்கும் துப்பாக்கி வகைத் தெர்மாமீட்டர் வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது இந்தச் சூட்டுக்கு ஆகாது.

இதைப் பாதுகாப்புக்காகவே விரிவாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் நான் கேஸ் அடுப்பில் வைத்துக் காய்ச்சினேன். ஒரு தொலைபேசி அழைப்புக்கு எழுந்து போய் வருவதற்குள் மெழுகு புகைந்து, அறை முழுக்கக் கண்ணைக் கரிக்கும் வாடை. இரண்டு நாள் தொண்டை எரிந்தது, தலைவலி நிற்கவில்லை. மெழுகு புகைந்தால் அந்தப் புகை நச்சு. தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூட வேண்டும். வண்ணப் பொடியில் ஈயம் கலந்ததையும் ஜாதிலிங்கத்தையும் தொடாதீர்கள். ஜாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம், அதைச் சூட்டில் காட்டுவது எமனை வீட்டுக்குக் கூப்பிடுவது. மஞ்சள் தூள், குங்குமம் இவை வெளிச்சத்தில் சில மாதத்திலேயே வெளுத்துவிடும். மண் வண்ணங்கள்தான் நிலைக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதானால் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கவே விடக்கூடாது.

இனி வேலைக்கு வருகிறேன். தூரிகையைக் குழியில் தோய்த்துப் பலகைக்குக் கொண்டுவருவதற்குள் மெழுகு இறுக ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று விநாடிதான். நீர்வண்ணம்போல நிதானமாகக் கரைத்து இழுக்க முடியாது. ஒரு தீற்று, மறுபடி சட்டி, மறுபடி ஒரு தீற்று. 31 வருடம் கரும்பலகையில் நிதானமாக மாம்பழம் போட்டுக் காட்டிய கைக்கு முதல் சில வாரம் அழுகை வந்தது. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் சூடான காற்றை ஊதி, புதுப் பூச்சு அடிப் பூச்சோடு ஒன்றாகும்வரை காட்ட வேண்டும். கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் இருக்கும் ஊதுகுழல் போதும். மேற்பரப்பு ஒரு கணம் கண்ணீர் தளும்பும் கண்போல மினுங்கும். அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். ஒரு நொடி கூடினால் மூக்கும் வாயும் ஒன்றோடொன்று ஓடிவிடும். இந்தச் சூட்டைக் காட்டாமல் விட்டதால் என் முதல் பலகை வெங்காயத் தோல்போல உரிந்தது.

அந்த முதல் பலகை அப்பாவின் முகம். இரண்டாவதும் மூன்றாவதும்கூட அதுதான். அப்பாவுக்கென்று தனியாக எடுத்த புகைப்படம் கிடையாது. குடும்ப அட்டையில் ஒட்டிய சிறு படம் ஒன்று, என் கல்யாணக் கூட்டத்தில் நாலாவது வரிசையில் பாதி முகம் ஒன்று. ஃபாயும் ஓவியர்கள் செய்ததுபோலப் பெரிய கண்களோடு, நேரே பார்க்கிற அப்பாவைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வரவில்லை. தொழில்நுட்பம் கை வந்த பிறகும் வரவில்லை. மூன்றாவது பலகையில் முகம் நன்றாகவே அமைந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அவர் யாரோ ஒருவர். நேரே நிமிர்ந்து ஒருவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற ஆளா என் அப்பா? குனிந்த தலையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வகிட்டையும் கைகளையும்தான் எனக்குத் தெரியும்.

அன்று பிளேடை எடுத்து அந்த மூன்றாவது முகத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். மெழுகு ஓவியத்தில் சுரண்டுவதும் வரைவதுதான். மேல் பூச்சை எடுத்தால் அடியில் போட்டு மறந்த வண்ணம் மேலே வரும். நெற்றியைச் சுரண்டியபோது அடிப் பூச்சில் போட்டிருந்த சாம்பல் நீலம் வெளிப்பட்டது. தண்ணீரைப் போல. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பட்டறையில் அப்பா பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருக்கும், தண்ணீரோடு. செய்து முடித்த கைகளையும் கால்களையும் இறுகுவதற்காக அதில் போட்டு வைப்பார். சின்ன வயதில் நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீருக்கடியில் அபயம் காட்டும் கை, டமரு பிடிக்கக் காத்திருக்கும் கை, தூக்கிய ஒரு பாதம், கிரீடம் இல்லாத தலை. யாருடைய கை எது என்று எனக்குத் தெரியும். "இது யாரு பாப்பா?" என்று அப்பா கேட்பார், நான் சரியாகச் சொல்வேன். "தண்ணிக்குள்ள கைய விட்டுக் கலக்காத. விரல் கோணிடும்" என்பார். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சில் பாதி அந்தத் தாம்பாளத்தின் மேல்தான் நடந்தது.

அதைத்தான் வரைந்தேன். எட்டு மாதம் ஆனது. அடியில் உங்கள் நாளிதழின் அந்தப் பழுப்புத் தாளை ஒட்டினேன், அப்பா சுரண்டல் தூளுக்காக விரிப்பாரே அதுபோல. அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954-55-ல் செய்த கொடி ஓவியத்தில் செய்தித்தாள் துண்டுகள் மெழுகுக்குள் தெரிவதைப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். துணிவு அங்கிருந்து வந்தது. காகிதத்தின்மேல் சூடான மெழுகு பட்டதும் அது கண்ணாடிபோல் ஆகி, பின்பக்கத்து எழுத்துகளும் சேர்ந்து தெரிந்தன. ஒரு பக்கம் ரயில் நேரங்கள், மறுபக்கம் மணமகன் தேவை. அதன்மேல் முப்பது பூச்சுக்குக் குறையாமல் தண்ணீர். தண்ணீரைத் தீட்ட மெழுகைவிடப் பொருத்தமான பொருளை நான் இதுவரை கண்டதில்லை. வெளிச்சம் உள்ளே போய், அடியில் தட்டி, திரும்பி வருகிறது. கைகளுக்கும் பாதத்துக்கும் மட்டும் தகரத்திலிருந்த கருத்த மெழுகு. நாலு உருண்டை அதில் போய்விட்டது. அவை உருகும்போது வந்த வாசனை, கொஞ்சம் தேன், கொஞ்சம் குங்கிலியம், கொஞ்சம் வறட்டிப் புகை, அப்பாவின் சட்டையில் வந்த அதே வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பிடித்த மெழுகு இனி ஓட வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கலை என்ன கொடுத்தது என்று கேட்டால் அதுதான். அவரும் நானும் ஒரே பொருளை, ஒரே சூட்டில் கையாண்டோம். அவருடையது வழிவிட்டுப் போக வேண்டிய மெழுகு, என்னுடையது தங்க வேண்டிய மெழுகு. அவர் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்காத நாள் இல்லை. கட்டைவிரல் கொஞ்சம் தடிச்சுப்போச்சு என்றுதான் முதலில் சொல்லியிருப்பார். சரிதான், தடித்துத்தான் இருக்கிறது.

தகரத்தில் இருந்த அந்தச் சிறு கையை உருக்கவில்லை. ஐந்தாவது உருண்டையையும் அதற்குத் துணையாக வைத்துவிட்டேன்.

இதைப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் எனக்குப் பழைய காயம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடச் சொல்வார்கள். கொடுத்துவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பேன். அப்படிப் போன வகுப்புகளில், வீட்டில் தறியும் உளியும் குயவர் சக்கரமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். என் மேலேயே எனக்கு வருத்தம் உண்டு. "உங்கள் வீட்டில் என்ன வேலை நடக்கிறது, அதில் என்ன பொருள் பயன்படுகிறது, நாளைக்கு அதில் கொஞ்சம் கொண்டுவா" என்று ஒரு நாளாவது ஒரு பிள்ளையிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாடத்திட்டத்தில் இருந்த பூச்சாடியையே போடவைத்தேன். இப்போது பணியில் இருக்கும் ஓவிய ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கேள்வியைத் தயவுசெய்து கேளுங்கள்.

நம் பக்கத்தில் மெழுகு சிலைக்கு மட்டும் பயன்பட்டதில்லை. கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராத்தியர் அரண்மனைக்கு நெய்த சேலைகளில், சாயம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால்தான் மறைத்தார்கள். சென்னைக்கு அருகே 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது அங்கிருந்த ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்கும் கிராமத்தை எழுப்பவும் பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள், அதிலும் சாயம் ஏறாமல் மறைப்பது மெழுகுதான். எல்லா இடத்திலும் மெழுகு வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு விலகிவிடுகிறது. அதனால்தான் நம் கண்ணில் படவில்லை போலும்.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது சுவாமிமலை ஐம்பொன் சிலைகளைப் பற்றி உங்கள் இதழில் சிறப்புப் பக்கம் வருகிறது. உலோகம் ஊற்றும் படம் பெரிதாக வரும். பொன்னிறமாக ஓடும், பார்க்க அழகாக இருக்கும். அடுத்த முறை உங்கள் புகைப்படக்காரரை அதற்கு முந்தின வாரமே அனுப்பி வையுங்கள். பட்டறையின் உள்பக்கம், வெயில் விழாத மூலையில், குனிந்த தலையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் இருக்கும். அவர் செய்துகொண்டிருப்பதைப் படம் எடுங்கள். படத்துக்குக் கீழே அவர் பெயரைப் போடுங்கள். மண் பூசுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். பூசிவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்.